ஒரே பாத்தியில் இரு காய்கறிகள்: விளைச்சலை எந்தத் தராசில் நிறுப்பது?

காய்கறித் தோட்டம் பற்றிப் பொதுமக்களுக்கு நாம் வழங்கும் அறிவுரைகளுள் அடிக்கடி இடம்பெறுவது, "ஒரே பாத்தியில் இரண்டு பயிர்களைச் சேர்த்து வளர்த்தால் விளைச்சலும் பெருகும், சத்தும் பெருகும்" என்பதாகும். இக்கூற்றில் உண்மை உண்டு. ஆனால் எந்த அளவுக்கு உண்மை, எந்த நிலையில் உண்மை என்று கேட்டால், நம்மில் பலர் விடை கூறத் தயங்குவோம். இடம் தாராளமாக உள்ள கிராமத்தில் இத்தயக்கத்தால் பெரிய நட்டம் நேர்ந்துவிடாது. மும்பை போன்ற நகரில் அவ்வாறன்று. மாதுங்காவிலிருந்து தாராவி வழியாகச் செம்பூர் வரையுள்ள பகுதியில், ஒரு குடும்பமோ ஒரு பள்ளியோ செடி வளர்ப்பதற்குப் பெறக்கூடிய இடம் சில சதுர அடிகளே. அவ்விடத்தை நம் சொல்லை நம்பிப் பயன்படுத்துகிறவர்களுக்கு நாம் கணக்கொப்புவிக்க வேண்டியவர்களாவோம்.

கலப்புப் பயிர் முறை நமக்குப் புதிதன்று. ஈரோட்டுப் பக்கத்து மஞ்சள் வயல்களில் சின்ன வெங்காயமும் கொத்தமல்லியும் ஊடுபயிராக ஏறுகின்றன. வெற்றிலைக் கொடிக்காலில் கொடி படர்வதற்கென நடப்படும் அகத்தி, தன் கீரையைச் சமையலறைக்கும் தழையை மாட்டுக்கும் தருகிறது. அமெரிக்கக் கண்டத்தின் பழங்குடியினர் மக்காச்சோளம், அவரை, பூசணி ஆகிய மூன்றையும் ஒரே குழியில் நட்டு வந்தனர். சோளத்தட்டை அவரைக்குக் கொம்பாகவும், பூசணியிலை மண்ணுக்குப் போர்வையாகவும் உதவின. தாராவியில் குடியேறிய தமிழர்களுள் பலர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய முதியோர், மிளகாயோடு வெங்காயம் நட்ட தங்கள் புன்செய்களை இன்றும் நினைவிற் கொண்டிருப்பர். ஆகவே அவர்களுக்கு இம்முறையைக் கற்பிக்கப் போகிறோம் என்ற எண்ணம் நமக்கு வேண்டியதில்லை. இதன் பயனை அளக்கும் வகையைத்தான் நாம் அவர்களுக்குக் கற்பிக்கவும், நாமே கற்றுக்கொள்ளவும் வேண்டும்.

அளவு பற்றிய கேள்வியை விஞ்ஞானிகள் முன்னரே எடுத்துக்கொண்டுள்ளனர். ஐதராபாத்தை அடுத்துள்ள சர்வதேச வறண்ட வெப்ப மண்டலப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய வில்லி என்பவரும், மீட் என்னும் புள்ளியியல் அறிஞரும் 1980-ல் விளக்கிய "நிலச் சமன விகிதம்" என்னும் அளவு இன்று உலகெங்கும் வழங்குகிறது. ஓர் எடுத்துக்காட்டால் இதனை எளிதில் விளக்கலாம். பத்துச் சதுர மீட்டர் பாத்தியில் வெண்டையைத் தனியே பயிரிட்டால் 10 கிலோ காயும், அதே அளவுப் பாத்தியில் முளைக்கீரையைத் தனியே விதைத்தால் ஓர் அறுவடைக்கு 10 கிலோ கீரையும் கிடைப்பதாகக் கொள்வோம். இரண்டையும் ஒரே பாத்தியில் சேர்த்து வளர்த்தபோது 8 கிலோ வெண்டையும் 5 கிலோ கீரையும் கிடைத்தன என்போம். வெண்டையின் பங்கு 0.8, கீரையின் பங்கு 0.5, கூட்டினால் 1.3. அதாவது, கலப்புப் பாத்தி ஒன்று தந்ததைத் தனித்தனியே பெற வேண்டுமானால் ஒன்றேகால் பாத்திக்கும் சற்று மேற்பட்ட நிலம் தேவைப்படும். விகிதம் ஒன்றுக்கு மேற்பட்டால் கலப்பு இலாபம், குறைந்தால் நட்டம்.

இக்கணக்கு அழகானது. ஆயினும் சிறு தோட்டக்காரருக்கு இது முழு உண்மையைச் சொல்வதில்லை என்பது என் கருத்து. வெண்டை பாத்தியில் ஏறக்குறைய 100 நாள் நிற்கும். முளைக்கீரையோ 25 நாளில் பிடுங்கப்படும். கீரையைத் தனியே விதைத்தவன், வெண்டை நிற்கும் அந்த 100 நாட்களுக்குள் நான்கு முறை விதைத்து நாற்பது கிலோ எடுத்திருக்கக் கூடுமன்றோ? அப்படியானால் கலப்பில் கிடைத்த 5 கிலோவை 10 கிலோவோடு ஒப்பிடுவது முறையா, 40 கிலோவோடு ஒப்பிடுவது முறையா? ஹீப்ஷ், மக்கல்லம் என்னும் இருவர் 1987-ல் காலத்தையும் சேர்த்துக் கணக்கிடும் முறையொன்றை வகுத்தனர். அம்முறைப்படி கீரையின் பங்கு நான்கில் ஒன்றாகக் குறைந்து 0.125 ஆகிறது. வெண்டையின் 0.8-உடன் கூட்டினால் 0.925 தான். ஒரு தராசில் இலாபமாகத் தோன்றியது மற்றொரு தராசில் நட்டமாகிவிட்டது!

இரண்டாவது கணக்கையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதற்கில்லை. ஒரே மண்ணில் இடைவெளியின்றி நான்கு முறை கீரை விதைத்து, நான்கு முறையும் முழு விளைச்சல் எடுப்பது காகிதத்தில்தான் இயலும். மண்ணைக் கொத்தி எருவிட நாட்கள் வேண்டும். நாற்றழுகல் நோய் இருக்கிறது. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை 2000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழையில் திறந்த பாத்தியில் மெல்லிய கீரை நாற்றுகள் நிற்பதே அரிது. ஆகவே உண்மை இவ்விரு எண்களுக்கும் இடையில் எங்கோ உள்ளது. நாம் கவனிக்கத்தக்கது வேறொன்று. வெண்டையின் விளைச்சலை எட்டிலிருந்து ஒன்பதரைக்கு உயர்த்த முடிந்தால், கால அளவையும் சேர்த்த கடுமையான தராசிலுங்கூட விகிதம் ஒன்றைத் தாண்டி 1.075 ஆகிறது. எனவே கலப்புப் பயிரின் வெற்றி, எத்தனை பயிர்களைச் சேர்த்தோம் என்பதைவிட, முதற்பயிருக்கு இடையூறின்றி இரண்டாம் பயிரை எப்போது எடுத்தோம் என்பதையே பெரிதும் பொறுத்தது.

வெண்டை விதையை 45 சென்டிமீட்டர் வரிசை இடைவெளியில் ஊன்றினால், முதல் முப்பது நாட்களுக்கு வரிசைகளுக்கு இடைப்பட்ட மண் வெறுமையாகவே கிடக்கும். வெயில் அதன்மீது விழுந்து வீணாகும், களை முளைக்கும். அவ்விடத்தில் வெண்டை ஊன்றிய நாளிலேயே முளைக்கீரையை ஒற்றை வரிசையாக விதைத்து, இருபத்தைந்தாம் நாளுக்குள் வேரோடு பிடுங்கிவிட வேண்டும். கிள்ளிக் கிள்ளி எடுக்கும் ஆசையில் கீரையை நாற்பது நாள் விட்டுவைப்பவர்களே பெரும்பாலும் வெண்டையை இழக்கின்றனர். முளைக்கீரை கடும் வெயிலில் மிக விரைவாக வளரும் இனம்; நைட்ரஜனைப் பெரிதும் விரும்பி உண்பது; விட்டால் வெண்டையின் தலைக்கு மேலே சென்றுவிடும். கத்தரிக்கு இடையில் முள்ளங்கியை ஊன்றுவதும் இதே தத்துவத்தின்பாற் பட்டதுதான். 60 சென்டிமீட்டர் இடைவெளியில் நடப்படும் கத்தரி தன் இடத்தை நிரப்பிக்கொள்வதற்குள், 45 நாளில் முதிரும் முள்ளங்கி வெளியேறிவிடுகிறது. பங்கிடப்படுவது நிலம் போலத் தோன்றினாலும், உண்மையில் பங்கிடப்படுவது காலமே.

கத்தரியோடு தக்காளியைச் சேர்க்கலாமா என்று கேட்போருண்டு. இரண்டும் ஒரே குடும்பம். பாக்டீரிய வாடல் நோய் ஒன்றுக்கு வந்தால் மற்றொன்றையும் விடாது. கத்தரியும் வெண்டையும் வெவ்வேறு குடும்பமாயினும், தத்துப்பூச்சி இரண்டையும் சமமாக நேசிக்கிறது. இத்தகைய சேர்க்கைகளை விலக்குவதே நன்று.

பயறுவகைச் செடிகளைப் பற்றி நம்மிடையே நிலவும் ஒரு நம்பிக்கையையும் இங்கு எடுத்துப் பேச வேண்டும். காராமணியும் கொத்தவரையும் காற்றிலுள்ள நைட்ரஜனை வேர் முடிச்சுகளில் நிலைநிறுத்துகின்றன என்பது ஐயத்திற்கிடமில்லாத உண்மை. இதனின்று, பக்கத்தில் நிற்கும் வெண்டைக்கும் அந்த நைட்ரஜன் உடனே கிடைத்துவிடும் என்று வகுப்பறைகளிலும் கண்காட்சிகளிலும் கூறிவருகிறோம். அது பாதி உண்மைதான். முடிச்சுகளில் சேரும் நைட்ரஜனில் பெரும்பகுதி அச்செடியின் இலையிலும் காயிலும் சென்று அடங்குகிறது. அதே பருவத்தில் அண்டைச் செடிக்குக் கசிவது சிறு அளவே. அண்டைச் செடிக்குக் கிடைக்கும் உண்மையான நன்மை, காராமணி மண்ணிலுள்ள நைட்ரஜனுக்காகப் போட்டியிடாமல் ஒதுங்கிக்கொள்வதுதான். காய் பறித்து முடிந்தபின் செடியைப் பிடுங்கி எறிந்துவிடாமல், அடியில் வெட்டி, வேரை மண்ணிலும் தழையை மண்மீதும் விட்டால், அடுத்த பயிர் பயன்பெறும். இதைச் சொல்லாமல் "அவரை தரும் உரம்" என்று மட்டும் சொல்லி வந்தால், எருவிடாமலே வெண்டை காய்க்கும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்து, நாம் கூறிய மற்ற உண்மைகளையும் நம்ப மறுப்பார்கள்.

இனிச் சத்து பற்றிய கணக்குக்கு வருவோம். 2019–21-ல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி மகாராஷ்டிரத்தில் 6 முதல் 59 மாத வயதுடைய குழந்தைகளில் நூற்றுக்கு 68.9 பேரும், 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 54.2 பேரும் சோகையுற்றவர்கள். கீரையைப் பற்றி நாம் பேசும்போது நம் மனக்கண் முன் நிற்க வேண்டிய எண்கள் இவை.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய வழிகாட்டி, வயது வந்தோர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 300 கிராம் காய்கறி, அதில் 50 கிராமாவது கீரை என்று வகுத்தது. அண்மை வழிகாட்டிகள் காய்கறியின் அளவை மேலும் உயர்த்தியுள்ளன. அந்த 50 கிராம் கீரையையே எடுத்துக்கொள்வோம். ஐந்து பேருள்ள குடும்பத்துக்கு நாளைக்குக் கால் கிலோ. மாதத்துக்கு ஏழரைக் கிலோ. நன்கு பேணப்பட்ட பாத்தியில் மாதமொரு முறை சதுர மீட்டருக்கு ஒரு கிலோ கீரை எடுக்கலாம் எனக் கொண்டால், ஏழரைச் சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 80 சதுர அடி வேண்டும். தாராவியில் பத்தடிக்குப் பத்தடி அறையில் ஒரு குடும்பமே குடியிருக்கிறது! கீரைக்கென அதற்கு அடுத்தபடியான இடத்தை அவர்கள் எங்கே காண்பது? கிடைக்கிற பத்துப் பதினைந்து சதுர அடியில் மாதத்துக்கு ஐந்தாறு நாட்களுக்கான கீரை வந்தால் அதுவே பெரிது. அவ்விடத்தை முழுவதும் கீரைக்கே கொடுப்பதா, காய்க்கே கொடுப்பதா என்ற கேள்வியில்தான் கலப்புப் பயிர் கைகொடுக்கிறது. வெண்டைக்கு நட்டமில்லாமல் இடையில் வரும் கீரை, இல்லாத இடத்தில் வந்த கீரை.

ஆனால் அக்கீரை என்ன செய்யும் என்பதை மிகைப்படுத்தலாகாது. முளைக்கீரையில் நூறு கிராமுக்கு 25 மில்லிகிராம் இரும்பு உள்ளதாகப் பழைய உணவு அட்டவணைகளில் அச்சாகியிருந்தது. பின்னர் வந்த பதிப்பில் அது சுமார் மூன்றரை மில்லிகிராம் எனத் திருத்தப்பட்டது. 2017-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணை, பச்சைத் தண்டுக்கீரைக்கு ஐந்து மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாகவும், செந்நிறக் கீரைக்கு ஏழு மில்லிகிராம் அளவாகவும் குறிக்கிறது. பழைய எண்ணையே இன்றும் சில சுவரொட்டிகள் சுமந்து நிற்பதைக் காண்கிறோம். ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு தேவை என 2020-ல் வகுக்கப்பட்டுள்ளது. ஐம்பது கிராம் கீரை அதில் இரண்டு முதல் மூன்றரை மில்லிகிராமே தரும். அதிலும் ஆக்ஸலேட் முதலியவற்றின் தடையால் உடலிற் சேர்வது சிறுபகுதி. எலுமிச்சை, தக்காளி, நெல்லிக்காய் போன்ற வைட்டமின் 'சி' உள்ள பொருள்களோடு உண்டால் அப்பகுதி உயரும். உணவோடு தேநீர் பருகினால் குறையும். இரும்பு மாத்திரைக்குக் கீரை மாற்றாகாது என்பதைத் தாய்மார்களிடம் தெளிவாகக் கூறிவிட வேண்டும். எனினும் வைட்டமின் 'ஏ'-வாக மாறும் கரோட்டின், கால்சியம் ஆகியவற்றில் வெண்டையைவிடக் கீரை பன்மடங்கு மேலானது. ஆகவே இரண்டு கிலோ வெண்டைக்குப் பதிலாக இரண்டு கிலோ கீரை என்றால், எடைத் தராசில் மாற்றமில்லை. குழந்தையின் தட்டில் பெரிய மாற்றம் உண்டு. இருவகை விளைச்சலையும் கிலோவாகக் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டும் அறிக்கைகளில் இவ்வேற்றுமை மறைந்துபோகிறது.

மும்பையில் இத்தனைக்கும் முன்னதாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மண் எங்கிருந்து வந்தது, நீர் எங்கிருந்து வந்தது? புறநகர் ரயிலில் செல்வோர், தண்டவாள ஓரங்களில் பாலக், செங்கீரை, வெண்டை, முள்ளங்கி ஆகியவை செழித்து நின்ற பாத்திகளைப் பல்லாண்டுகள் கண்டிருப்பர். உணவு உற்பத்தியைப் பெருக்கும் நோக்கத்துடன் ரயில்வே தன் ஊழியர்களுக்குக் குத்தகைக்கு விட்ட நிலங்கள் அவை. அவற்றிற் பலவற்றுக்குப் பாய்ந்தது கழிவுநீர்க் கால்வாயின் நீர். தாராவியின் ஓரமாக ஓடும் மீட்டி ஆறு, தொழிற்கழிவும் சாக்கடையும் கலந்தது. செம்பூரை அடுத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் உரத் தொழிற்சாலையும் உள்ளன. 1927 முதல் குப்பை கொட்டப்பட்டு வந்த தேவனார் மேடும் தொலைவில் இல்லை. இம்மண்ணையும் நீரையும் சோதியாமல் கீரை விதைக்கச் சொல்வது பொறுப்பற்ற செயல்.

எல்லாக் காய்கறிகளும் உலோகங்களை ஒரே அளவில் ஏற்பதில்லை. கேட்மியம் வேர் வழியே ஏறி இலையில் தங்கும் இயல்புடையது. ஈயம் பெரும்பாலும் மண் துகளாகவும் புழுதியாகவும் இலைமீது படிவது. ஆகவே கீரைகளே முதலில் கெடுகின்றன. வெண்டை, கத்தரி, காராமணி போன்ற காய்கள் ஒப்புநோக்கக் குறைவாகவே ஏற்கின்றன. ஐயத்திற்குரிய தரையில், நாம் மேலே புகழ்ந்த வெண்டை–கீரைக் கூட்டு பொருந்தாது. அங்கே வெண்டையும் காராமணியும் சேரலாம், கீரை கூடாது. கீரையைத் தூய மண் இட்ட தொட்டியில் குழாய் நீரில் வளர்ப்பதே தக்கது. தொட்டிக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. தாராவியின் கும்பார்வாடாவில் குயவர் சக்கரங்கள் சுழன்றுகொண்டிருக்கின்றன.

மாடியில் பாத்தி அமைக்க விரும்பும் பள்ளிகளுக்கு இடையே ஓர் எச்சரிக்கை. ஈரமண் ஒரு கனமீட்டர் ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ளது. இருபது சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண் பரப்பினால் சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல் பாரம் ஏறும். மக்கள் நடமாடும் மாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் வகுத்த பாரம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோதான். தென்னை நார்க் கழிவும் மக்கிய எருவும் கலந்து எடையைக் குறைக்கலாம். தொட்டிகளைத் தாங்கு சுவர்களின் மேலாக வைக்கலாம். எவ்வாறாயினும் பொறியாளரைக் கேட்காமல் தொடங்கலாகாது.

2019-ல் மத்தியக் கல்வித்துறை பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கான வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. மும்பை மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளிகளும் இதில் பங்குபெறலாம். தோட்டம் காட்சிக்கு மட்டும் நின்றுவிடாமல் கணக்குப் பாடமாகவும் அமைவதையே நான் வேண்டுகிறேன். அக்டோபர் முதல் வாரத்தில், மழை விலகியவுடன், ஒரே அளவுள்ள மூன்று பெட்டிகளை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றில் வெண்டை மட்டும், ஒன்றில் கீரை மட்டும், மூன்றாவதில் இரண்டும். மண், எரு, நீர், வெயில் ஆகியன மூன்றுக்கும் ஒன்றே. கீரைப் பெட்டியில் கீரை எடுத்ததும் மீண்டும் விதைக்க வேண்டும். அப்போதுதான் காலக் கணக்கு நேர்மையாக அமையும். ஒரு வகுப்பில் மூன்று பெட்டிகள் போதா. நான்கு வகுப்புகள் தனித்தனியே மும்மூன்று வைத்தால், தற்செயலான வேறுபாட்டையும் உண்மையான வேறுபாட்டையும் மாணவர் பிரித்தறியலாம். இதையே அங்கன்வாடி முற்றங்களில் களப்பணியாளரும் செய்யலாம்.

பதிவேட்டில் நான்கு பத்திகள் போதும்: பறித்த நாள், வெண்டையின் எடை, கீரையின் எடை, அன்று அதை உண்டவர் எத்தனை பேர். நான்காவது பத்தியை எழுதச் சொன்னால் சிலர் முகம் சுளிக்கக்கூடும். தோட்டத்தின் கணக்கில் அடுப்பங்கரைக்கு என்ன வேலை என்பார்கள். வெண்டை மட்டும் வைத்த பெட்டி ஒரு வாரத்தில் எல்லோருக்கும் காய் கொடுத்துவிட்டு அடுத்த வாரம் வெறுமையாக நிற்கலாம். கலப்புப் பெட்டி எடையில் சற்றுக் குறைந்தும், ஊன்றிய மூன்றாவது வாரத்திலிருந்தே தட்டுக்குக் கீரையையும் பின்னர் காயையும் அனுப்பிக்கொண்டிருக்கலாம். சதுர அடிகளை எண்ணி வாழும் குடும்பத்துக்கு எது வேண்டும் என்பதை அந்தப் பத்தியே காட்டும். மும்பையின் குளிர்காலம் பிப்ரவரியோடு முடிகிறது. அதற்குள் வெண்டை ஒரு முறையும், கீரை நான்கு முறையும் எடுத்துவிட நாள் இருக்கிறது. விதையைச் செப்டம்பரிலேயே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.